மின்விசிறியை நிறுத்திய பிறகு

நாலு மணி நேரத்துக்கு எழுநூறு ரூபாய்.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் மூன்றாம் மாடி.
கட்டில் ஒன்று, சிவப்பு வாளி ஒன்று,
சுவரில் முன்பு தங்கிய யாரோ
பென்சிலால் குறித்துவைத்த மாத்திரை நேரங்கள்.
கலை இயக்கத்துக்கென்று தனிச்செலவு இல்லை.

பெயின்ட் ரோலர் கம்பின் நுனியில்
ரப்பர் பேண்டால் மைக்கைக் கட்டி
தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பவள் நான்.
பெயர்ப்பட்டியலில் கடைசிக்கு முந்தைய வரி.

"ஃபேனை நிறுத்து" என்றான் இம்தியாஸ்.
வேலூரில், மே மாதத்தில்
இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.
சன்னலையும் சாத்தினோம். ஆட்டோ ஹாரன் பாதியானது.
ஐந்து பேரின் மூச்சு
அறைக்குள் வேகத் தொடங்கியது.

காட்சி இதுதான்:
அப்பாவின் ஆபரேஷனுக்கு
அண்ணன் பணம் கொண்டுவரவில்லை.
தங்கைக்கு மூன்று பக்க வசனம்.
கிளிசரின் நாற்பது ரூபாய், பில் இருக்கிறது.
ரோஸ்லின் நன்றாகத்தான் அழுதாள்,
முதல் டேக்கிலும் ஐந்தாம் டேக்கிலும்.
அண்ணனாக வந்த கஜபதி
(காட்பாடியில் செல்போன் கடை, மூன்று மணிக்குத் திறக்கவேண்டும்)
அவள் அழ அழக் கடிகாரம் பார்த்தார்.
ஹெட்போனுக்குள் இருந்த எனக்கு
ஒன்றும் ஆகவில்லை.
"மழை பெஞ்சா நல்லாருக்கும்" என்றான் இம்தியாஸ்,
பாலாற்றையே பார்க்காதவன் மாதிரி.

ஆறாவது டேக்கில்
சுவருக்கு அந்தப்பக்கம் ஒருவர் பேசினார்.
போனில். ஏதோ மொழியில்.
"பாலோ, பாலோ" என்றார்.
பால் கேட்கிறார் என்று நினைத்தேன்.
டீ கொண்டுவந்த லாட்ஜ் பையன் டெல்லிபாபு
கிசுகிசுத்தான்:
"பெங்காலிக்கா. நல்லாக்கீறாங்கன்றாரு.
அம்மா இட்லி துன்னாங்களாம், நடந்தாங்களாம்."
"நடக்கறாங்களா?"
"ஐசியூல கீறாங்க. பதினோரு நாளாச்சு."

நடுவில் அவர் சிரிக்கவும் செய்தார்,
எங்கள் ஊர் வெயிலைக் கிண்டல் செய்வதுபோல.
போனை வைத்ததும் குழாயைத் திறந்துவிட்டார்.
வாளி நிரம்பும் சத்தம்.
வழியும் சத்தம்.
நெடுநேரம் அதை மூடவில்லை.

என் தோள் நடுங்கிற்று.
யாரும் கட் சொல்லவில்லை.

"ரெக்கார்ட் ஆச்சா?"
ஆச்சு.
"வச்சுக்கலாமா?"
அவன் பார்க்கப் பார்க்க அழித்தேன்.
சாயங்காலம்வரை என்னோடு அவன் பேசவில்லை.

ஆனால் மூன்று பக்கத்தையும் கிழித்து
விசிறிக்கொண்டான்.
ரோஸ்லினிடம் சொன்னான்:
பணம் வரலன்னு உனக்குத் தெரியும்.
தெரியும்னு அவருக்குத் தெரியக்கூடாது.
கஜபதியிடம் சொன்னான்:
நீங்க சொல்லத்தான் வந்திருக்கீங்க, சொல்லுங்க.
சொல்லவிடாம பாத்துக்கறது அவ வேலை.

மதியத்துக்கு அவள் வைத்திருந்த சாத்துக்குடி.
உரித்தாள். நார் எடுத்தாள்.
சுளையை அண்ணன் கையில் வைத்தாள்.
"பஸ்ல எடம் கெடச்சுதா?"
அவர் வாயைத் திறந்தார். இன்னொரு சுளை.
பையின் ஜிப்பைப் பாதி இழுத்தார், விட்டார்.
"ஆற்காட்டுலருந்து நின்னுக்கிட்டேவா வந்த?"
இன்னொரு சுளை.
அவள் நெற்றியில் கிளம்பிய வியர்வை
கண்ணோரம் கொஞ்சம் தங்கி
தாடைக்கு இறங்கியது. துடைக்கவில்லை.
என் காதில் நார் கிழியும் ஒலி,
கஜபதியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும் ஒலி.
கடை திறக்கும் நேரம் தாண்டியதை
அவர் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து
வெற்று அறையின் ஒலியை முப்பது விநாடி எடுத்தேன்.
அசையாமல் நின்றோம்.
பக்கத்து அறையும் நின்றது.

கீழே சாவியை வாங்கிக்கொண்டு
மேனேஜர் கேட்டார்:
"அழுவுற சீன் எடுத்தாச்சா?"
"இல்லீங்க, எடுத்துட்டாங்க."
"அப்பறம் இன்னாத்துக்கு அஞ்சு மணி நேரம்?"

கூடுதல் ஒரு மணிக்கு நூற்று எழுபத்தைந்து.
இம்தியாஸ் என்னைப் பார்த்தான், நான் ரோஸ்லினை.
கஜபதி தன் பையைத் திறந்து
இருநூறு கொடுத்தார்.
மிச்சத்துக்கு நின்றுகொண்டிருந்தோம்.